சாவியே இல்லாத வண்டியின் சாவி

சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள் ஓடி நான் பார்த்ததைவிட, அது எங்கள் வீட்டுக்குள் பரப்பிக் கிடந்து பார்த்ததுதான் அதிகம். தாராவியில் எங்களுக்கு ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை. ஏணி வைத்து ஏறினால் மேலே பரண். கீழே அப்பா, அம்மா, நான், பரணில் சித்தப்பா. கீழே சுவரோரமாகப் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஒரு கியர்பாக்ஸ். வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் உட்கார வேண்டும். “பச்சப்புள்ளையக் கெடத்துன மாதிரில்லா கெடத்தியிருக்கான்” என்பார் பக்கத்து வீட்டு மாமா. அவர் எதைச் சொன்னாலும் அதில் ஒரு குத்து இருக்கும், வலிக்காது.

வண்டி வெள்ளைக்காரன் காலத்தது. குர்லாவில் பங்கார் என்கிற பழைய இரும்புக் கடை ஒன்றில், துருப்பிடித்த இரும்புக் குவியலுக்கு அடியிலிருந்து சித்தப்பா அதை மீட்டு வந்திருந்தார். எஞ்சின் பழுதில்லை. இரண்டாவது கியர்தான் போட்டால் நிற்காது, நழுவிவிடும். வேலை விட்டு வந்ததும் கியர்பாக்ஸைப் பிரித்து, பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவி, கழற்றிய வரிசை மாறாமல் அம்மாவின் இட்லித் தட்டுக் குழிகளில் வைப்பார். ஒவ்வொரு குழியிலும் ஒரு சக்கரமும் அதற்குரிய வாசர் வளையமும். இட்லி இல்லாமல் போன காலைகளுக்கு அளவே இல்லை.

அம்மா சும்மா இருக்கமாட்டாள். “எனக்குக் கடவாப்பல்லு ஆடுது, ஏன்னு கேக்க ஆளில்ல. வண்டிப் பல்லுக்கு மட்டும் தெனமும் குளிப்பாட்டு!”

“ஒங்க பல்லுக்கு என்ன மதினி? எங்கண்ணனக் கடிச்சுக் கடிச்சு நல்லாக் கூராத்தான் இருக்கு” என்பார் சித்தப்பா, தலையை நிமிர்த்தாமல்.

அம்மா இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது சித்தப்பாவுக்கு அரைக்கால் சட்டையாம். சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்து, தலைசீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அம்மாதான். அந்த உரிமையில் இருவரும் நாள் முழுவதும் இப்படி எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நான் அதைச் சண்டை என்றே நம்பியிருந்தேன்.

அப்போது சித்தப்பாவுக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலையும் வாசித்தாயிற்று. பெண் வீட்டார் பம்பாய்க்கு வெளியே கல்யாண் என்கிற ஊரில் இருந்தார்கள். அங்கேயே ஒரு கோலி பிடித்து, வெள்ளையடித்து வைத்துக் காத்திருந்தார்கள். “கல்யாணம் முடிஞ்சு கல்யாணுக்குப் போறவன் ஒலகத்துலயே இவன் ஒருத்தன்தான்” என்று மாமா சொல்லாத நாளில்லை. சாமான்களை முன்கூட்டியே கொண்டுபோய் அங்கே குடியேறிவிடச் சொல்லி அப்பா நெருக்கினார். சித்தப்பா கியர்பாக்ஸைக் காட்டுவார். பிரித்துப்போட்ட கியர்பாக்ஸை ரயிலில் ஏற்ற முடியாது, ஒரு வாசர் தவறினாலும் எல்லாம் போயிற்று என்பார்.

எனக்கும் அவசரம்தான். வண்டி ஓடுகிற அன்றைக்கு என்னை முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவதாகச் சித்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் ஒவ்வொரு முறை கியர்பாக்ஸை மூடியதும் அதன் தண்டைக் கையால் சுற்றி, காதை வைத்துக் கேட்டு, “லேசா ஒரு சத்தம் வருதுல்லா?” என்பார். எனக்கு ஒரு சத்தமும் கேட்காது. “ஒனக்குக் காது அடச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு மறுபடி பிரிப்பார்.

ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், அப்பாவே கூட நின்று கியர்பாக்ஸைச் சந்தில் நின்ற வண்டியில் ஏற்ற வைத்தார். கிளட்சை மாட்டுவது ஒன்றுதான் பாக்கி. அப்போது சித்தப்பா சட்டென்று தரையைத் தடவிப் பார்த்து, “சாவியக் காணமே” என்றார்.

சந்தே தேட இறங்கிவிட்டது. ஒருவர் சாக்கடைமேல் மூடியிருந்த கல்லைப் புரட்டினார். எதிர்வீட்டு அக்கா பீரோ சாவிக்கொத்தைக் கொண்டுவந்து, இதில் ஏதாவது சேருமா பாரு தம்பி என்றாள். மாமா தன் ஸ்கூட்டர் சாவியையே நீட்டினார்: “எல்லாம் ஒண்ணுதாம்ல, போட்டுத் திருகிப் பாரு.”

அந்த வண்டிக்குத் திருகுகிற சாவியே கிடையாது. மிதித்தால் கிளம்பும், அவ்வளவுதான். சித்தப்பா சொன்னது வேறு சாவி. கியர்பாக்ஸ் தண்டிலிருக்கும் பள்ளத்தில் பாதியும் கிளட்சில் பாதியுமாக உட்கார்ந்து, இரண்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும் அரைநிலா வடிவ இரும்புத் துண்டு. பட்டறையில் அதற்கும் சாவி என்றுதான் பேர். இது சித்தப்பா ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்தும் அவர் யாரையும் திருத்தவில்லை. பீரோ சாவிக்கொத்தை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்து, உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

தேடல் சூடுபிடித்திருந்தபோது அம்மா என்னை உள்ளே கூப்பிட்டாள். மோரியில், கழுவுகிற மூலையில், துணி ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆணியில் தொங்கிய சித்தப்பாவின் கிரீஸ் சட்டையை எடுத்துவரச் சொன்னாள். முக்குமுன் பையைத் தடவிப் பார்ப்பது அவள் வழக்கம். பையிலிருந்து நகமளவு வளைந்த ஓர் இரும்புத் துண்டு வந்தது. அம்மா அதை ஈரக்கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே சித்தப்பா மண்டியிட்டு, வண்டிக்கடியில் டார்ச் அடித்து மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா துண்டைப் பைக்குள்ளேயே போட்டாள்.

“இதக் கொண்டுபோயி ஆணியில மாட்டுட்டி. இன்னும் அழுக்காகல, பொறவு தொவைக்கலாம்.”

சட்டை கரிச்சட்டி நிறத்தில் இருந்தது. எனக்கு யோசிக்க நேரமில்லை. என் கவலை எல்லாம் வண்டிமேல். பல் வைத்த நீளச் சாவி ஒன்றைத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் யோசனை வந்தது. தொண்ணூறு அடி ரோட்டு முனையில் சாவிவாலா உட்கார்ந்திருப்பாரே! ஓடினேன். பெட்டியும் வளையமுமாக அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, “தாலா கிதர் ஹை?” என்றார். பூட்டு எங்கே என்று சந்து முழுவதும் சித்தப்பாவைப் பார்த்தது. இனி மறைக்க வழியில்லை. குரல் இறங்கிப்போய், தண்டிலிருந்த பள்ளத்தைக் காட்டினார். சாவிவாலா எட்டிப் பார்த்துவிட்டு, இதுவும் சாவிதானே என்பதுபோல் தலையை ஆட்டினார். பெட்டியிலிருந்து ஓர் இரும்புத் துண்டை எடுத்து அரத்தால் ராவ ஆரம்பித்தார். ராவுவதும் பள்ளத்தில் வைத்துப் பார்ப்பதுமாக, டீ ஆறுவதற்குள் அரைநிலா ஒன்று பிறந்துவிட்டது. லேசாக ஒரு தட்டு, கச்சிதமாக உட்கார்ந்தது.

“ம்மா, இதே மாதிரி அந்தச் சட்டப் பையில…” என்று ஆரம்பித்தேன். எல்லோருக்கும் டீயோடு சுட்டுக்கொண்டுவந்த ஆமவடையில் ஒன்றை அம்மா அப்படியே என் வாயில் திணித்தாள். அதற்குமேல் பேச முடியவில்லை, வடை சூடு.

“ஏட்டி, ஒம் மூளைக்கு ஒன்னைய எஞ்சினீயருக்குப் படிக்க வைக்கணும்” என்று மாமா என் முதுகில் தட்டினார். எல்லோரும் என்னைக் கொண்டாடினார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு வாயோடு நின்றது.

கிளட்சைப் பூட்டியதும் நானும் சித்தப்பாவும் மாட்டுங்கா வரை போய்த் திரும்பினோம். பெட்ரோல் டாங்கின்மேல் நான். இரண்டாவது கியர் அட்டைபோல் பிடித்து நின்றது. சந்துக்குள் நுழையும்போதே அந்தச் செய்தியை உச்சக்குரலில் அறிவித்தேன். கல்யாணுக்கென்று தயாராக வைத்திருந்த சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியை அப்பா பின்சீட்டில் வைத்துக் கட்டினார். கட்டியது சரியில்லை என்று அவிழ்த்து, மறுபடி கட்டினார். பிறகு அதையும் அவிழ்த்தார். அப்பாவுக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியவில்லையே என்றிருந்தது எனக்கு.

வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அம்மா கழுவாத கையோடு வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, வழியில லேசா ஒரு சத்தம் கேட்டாலும் ஓட்டாத, என்ன? அப்பிடியே திருப்பிக் கொண்டா. இங்கன வச்சே பிரிச்சுக்கிடலாம். இட்லித் தட்டு சும்மாதான் கெடக்கு.”

சித்தப்பா “சரி மதினி” என்றார். கியரைப் போட்டார்.

வண்டி முனை திரும்பி, சத்தம் தேய்ந்து அடங்கும்வரை அம்மா அங்கேயே நின்றாள். எனக்கு அவளை நினைத்துப் பாவமாக இருந்தது. இவ்வளவு நாள் கூடவே இருந்தும் மோட்டார் சைக்கிள் விஷயம் அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. முந்தானையைப் பிடித்து இழுத்து, அந்தக் கியர் இனிமேல் நழுவவே நழுவாது, சித்தப்பா திரும்பி வரவேண்டிய அவசியமே இருக்காது, கவலைப்படாதே என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.