தம்பியைக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டது எதற்காக

தம்பியின் முதல் வருஷ நினைவுக்குப் போட்ட இந்த மலரைக் கையில் வாங்கியதும் படத்தைப் பார்த்து ஒரு 'ச்சொச்சோ' சொல்லிவிட்டு, பந்தி எந்தப் பக்கம் என்று தேடுவீர்கள். போய்ச் சாப்பிடுங்கள், வடை ஆறிவிடும். கை கழுவிவிட்டு வந்து இதைப் படியுங்கள். உங்களில் பாதிப் பேரைத் திட்டத்தான் எழுதியிருக்கிறேன்.

எழுதியிருக்கிறேன் என்பதும் பொய். மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வீசிவிட்டு வந்தவள் நான். நான் சொல்லச் சொல்ல என் தம்பி மகள் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றுவது அவள் பாடு. திட்டை மட்டும் குறைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

"அப்பாவ 'அவர்'னு போடணும் அத்தை" என்றாள்.

இடுப்பில் தூக்கி மூக்குத் துடைத்துவிட்டவனை 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவன்தான்.

தம்பி பிறந்தது பெங்களூர் அல்சூரில், ஏரிக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை வீட்டில். அப்பாவுக்குக் கண்டோன்மென்ட் பங்களாக்களில் தோட்ட வேலை. ஏரியைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காமல் வளர்ந்தவன் ஒரு நாள் கப்பலுக்குப் போகிறேன் என்றான்.

"ஏன்டா, கொழாயில தண்ணி வர்றதுக்கே இங்க சண்ட. நீ கடலுக்குப் போறியா?" என்று கேட்டேன்.

போனான். பாலிடெக்னிக் முடித்து, லிங்கராஜபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் கரியும் எண்ணெயுமாக நின்று, சென்னையில் பயிற்சி எடுத்து, பரீட்சைக்கு மேல் பரீட்சை எழுதி, கடைசியில் சீஃப் இன்ஜினியர் ஆனான். கப்பலின் அடிவயிற்றில் ஓடுகிற இயந்திரம் எல்லாவற்றுக்கும் அவன்தான் தலைவன். வீட்டில் தலைவி வேறு ஆள்.

தங்கமானவன் என்று எழுதச் சொல்கிறார்கள். தங்கம்தான், ஆனால் கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் வேதனை. லீவில் வந்தால் என் அடுப்படியில் சோதனை போடுவான். சிலிண்டர் ட்யூப் எப்போது மாற்றினாய், மிக்ஸி வயரில் ஏன் டேப் சுற்றியிருக்கிறாய், வெளியே போகும் வழியில் ஏன் வெங்காயக் கூடை. "நீ எப்படா கெளம்புற?" என்று நான் கேட்காத லீவு கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவன் கப்பல் வேலை ஏன் போனது என்பதற்கு இந்தக் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு கதை உண்டு. உங்களில் பலருக்குப் பிடித்தது, அவன் குடித்துவிட்டு இன்ஜின் ரூமில் விழுந்து கிடந்தான் என்கிற கதை. அவன் குடித்ததெல்லாம் டீ. கதையைக் கிளப்பியவர் யார் என்று எனக்குத் தெரியாது. கிளம்பிய கதையை ஒரு தடவைகூட மறுத்துப் பேசாதவர் யார் என்று தெரியும். அவன் மனைவியின் அண்ணன், தம்பிக்கு மச்சான்காரர். பிரேசர் டவுனில் கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் வைத்திருக்கிறார். தம்பி கடைசியாக இருந்த கப்பல் கம்பெனியில் அவனைச் சேர்த்ததும் அவர்தான். இன்றைக்கும் அதே கம்பெனிக்குத்தான் ஆள் அனுப்புகிறார். உண்மை வெளியே வந்தால் அவர் கடைக்கு ஆகாது.

நடந்தது இதுதான். அந்தக் கம்பெனிக் கப்பலில் ஏறிய கையோடு தம்பி இன்ஜின் ரூமைச் சுற்றிப் பார்த்தான். எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஒரு வால்வு. உள்ளே தீப்பிடித்தால் வெளியில் நின்றபடி ஒரு கைப்பிடியை இழுப்பார்கள். இழுத்ததும் அந்த வால்வு பட்டென்று மூடி எண்ணெயை நிறுத்த வேண்டும். அந்த வால்வோ தேய்ந்துபோய், கப்பல் அதிர்ந்தாலே தானாக மூடிக்கொண்டிருக்கிறது. மூடினால் ஜெனரேட்டர் நின்று கப்பல் முழுக்க இருட்டு. அதைச் சரிசெய்ய வக்கில்லாமல், யாரோ ஒரு மரக்கட்டையைச் செருகி, மூடவே முடியாதபடி வைத்திருந்தார்கள்.

அவன் வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. தம்பி என் அடுப்பைக் காட்டினான்.

"இந்த ரெகுலேட்டர் மூடாதபடி கம்பி போட்டுக் கட்டிட்டு நீ நிம்மதியா தூங்குவியாக்கா?"

"நீ இருக்கிற வீட்ல யார்றா நிம்மதியா தூங்குறது?" என்றேன். ஆனாலும் விளங்கிவிட்டது.

கட்டையைப் பிடுங்கினான். புது பாகம் வரும்வரை கப்பல் துறைமுகத்தை விட்டு நகராது என்றான். கம்பெனியிலிருந்து போன் மேல் போன். அடுத்த துறைமுகத்தில் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்குக் கட்டையைச் செருகிவிட்டுக் கிளப்பு என்றார்கள். தம்பி தனக்குக் கீழே வேலை செய்தவர்களைக் கூப்பிட்டானாம்.

"கப்பல நிறுத்தினது நான். யார் கேட்டாலும் என் பேரச் சொல்லுங்க. யாரும் திரும்ப அதச் செருகக் கூடாது."

யாரும் செருகவில்லை. பாகம் வந்தது, மாட்டினார்கள், கப்பல் கிளம்பியது. அடுத்த துறைமுகத்தில் அவனை இறக்கி விமானம் ஏற்றிவிட்டார்கள்.

அவன் வீடு வந்த வாரமே மச்சான்காரர் ஆப்பிள் பையோடு வந்தார்.

"மாப்ள, கம்பெனில பேசிட்டேன். உனக்குக் கீழ இருந்த ஜூனியர் பையன்தான் கட்டயச் செருகினான், எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லு. கம்பெனி மேல பழி வராது, மறுபடி ஏத்திக்கிறாங்க."

"நான் ஏறும்போதே இருந்துச்சு மச்சான். அந்தப் பையன் எனக்கப்புறம் ஏறினவன்."

"இப்ப கப்பலுக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆவல. ஆவாததுக்கு எதுக்கு இவ்ளோ கலாட்டா?"

"ஒண்ணும் ஆவாம பாத்துக்கத்தான் மச்சான் எனக்கு சம்பளம்."

"அந்த சம்பளம் இப்ப எங்க?"

நான் சும்மா இருப்பேனா? "ஆப்பிள அங்க வெச்சிட்டுக் கெளம்புங்க" என்றேன்.

"அக்கா, நீங்க நடுவுல வராதீங்க. கப்பலப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"கப்பலப் பத்தி தெரியாது. உங்களப் பத்தி தெரியும்."

தம்பி மனைவி கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள். "அந்தப் பையனுக்கும் வீட்ல யாராவது இருப்பாங்கல்லண்ணா" என்றாள். அண்ணன் செருப்பைத் தேடினார். அவளுக்கு அன்றிலிருந்து நான் நாத்தனார் வேலை காட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

வேறு எந்தக் கப்பலும் அவனைக் கூப்பிடவில்லை. ஒரு பெரிய அபார்ட்மென்டில் ஜெனரேட்டர், லிஃப்ட், பம்பு எல்லாம் பார்க்கும் வேலைக்குப் போனான். அங்கே நெருப்பு அலாரத்தை அணைத்து வைத்திருந்தார்கள், சத்தம் தொந்தரவாம். இவன் போட்டுவிட்டான். அது யாரோ பிறந்தநாள் கொண்டாடும்போது ஊரைக் கூட்டியது. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்" என்று, கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லிக் கன்னடத்தில் கேட்டு செக்ரட்டரி வந்து நின்றார். "நெருப்பு அட்ஜஸ்ட் மாடுதான்னு கேட்டுச் சொல்லுங்க சார், நானும் மாடுறேன்" என்றானாம். அங்கேயும் யாருக்கும் அவனைப் பிடிக்கவில்லை. ஆனால் அலாரம் ஓடியது.

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் திருந்தவில்லை. மெஷின் கத்தியது, நர்ஸ் பெண் வந்து சத்தத்தை அமுக்கினாள். "ஏன் கத்துதுன்னு பாத்துட்டு அமுக்கும்மா" என்றான். அவள் பார்த்தாள். மூக்கைச் சொறிய இவனே விரல் கிளிப்பைக் கழற்றிப் போட்டிருந்தான். சிரித்தான். அதற்கப்புறம் அதிக நாள் இல்லை.

இந்த மலருக்கு மச்சான்காரர் ஒரு வரி எழுதி அனுப்பினார்: 'உடல்நலக் குறைவால் கப்பல் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.' தம்பி மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"என் கல்யாணத்துலகூட ஒருத்தங்க வந்து, அப்பா இன்னும் குடிக்கிறாரான்னு கேட்டாங்க அத்தை. அப்பா பக்கத்துலயே நின்னாரு."

அந்த வரியை அடிக்கச் சொன்னேன். மரக்கட்டையைத் திரும்பச் செருக மறுத்ததால் கம்பெனி அவனை இறக்கிவிட்டது என்று எழுதச் சொன்னேன். முதல் பக்கத்தில் படத்துக்குக் கீழேயே இருக்கிறது, பாருங்கள்.

எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ராத்திரி பகல் பார்க்காமல் கவனித்த டாக்டர்களுக்கும் அந்த நர்ஸ் பெண்ணுக்கும், ஆட்டோவை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த எதிர்வீட்டுப் பிள்ளைக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய அபார்ட்மென்ட் காவலாளிகளுக்கும், ஒரு வருஷமாக என் முகம் கோணாமல் பார்த்துக்கொள்ளும் தம்பி மனைவிக்கும் எங்கள் வணக்கம்.

வரி மாறியது தெரிந்து மச்சான்காரர் போன் செய்தார். "அப்படித்தான் போடுவீங்கன்னா, நன்றியில என் பேரப் போடாதீங்கக்கா."

போடவில்லை. அவர் கேட்டு நாங்கள் மறுக்காமல் செய்தது இது ஒன்றுதான்.