படுத்துப் பார்த்து இடம் சொன்னவர்

இரவு ஏழு இருபதுக்கு எங்கள் டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஒரு முதுகு. காக்கிச் சட்டை முழுக்கச் சவுக்கு மரத்தின் ஊசி இலைகள் ஒட்டியிருந்தன. திருவிடந்தை கடற்கரையோரத் தோப்பின் காவல்காரர் அவர். ஒல்லி, அறுபது வயதிருக்கும். இருட்டிவிட்டது, கூடாரம் போட ஆபத்தில்லாத இடம் காட்டுங்கள் என்று நானும் நண்பரும் கேட்டோம். அவர் விறுவிறுவென நடந்து ஓரிடத்தில் மல்லாந்து படுத்தார்.

“மேல பாரு நைனா, முறிஞ்ச கிளை தொங்கிகினு கீது. மண்டைல வுழும்.”

எழுந்து பத்தடி தள்ளிப் படுத்தார். “எறும்பு.” அடுத்த இடத்தில், “தலை பள்ளத்துல கீது.”

“டார்ச் அடிச்சுப் பார்த்தாலே தெரியாதா அண்ணே?” என்றார் நண்பர்.

“டார்ச்சா தூங்கப் போவுது? முதுகுதானே தூங்கப் போவுது!”

ஆறாவது இடத்தில் படுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. காத்திருந்தோம். குறட்டை கேட்டது. கூப்பிட்டோம், உலுக்கினோம், அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. அந்தத் தோப்பில் அவர் குறை சொல்லாத இடம் அது ஒன்றுதான். வேறெங்கும் போட எங்களுக்குத் துணிச்சல் வரவில்லை. அவரைச் சுற்றி நான்கு முளைகளை அடித்துத் துணியை மேலே இழுத்துக் கட்டினோம்.

அது இரண்டு பேர் படுக்கும் கூடாரம்.