வெட்டாத கேசட்

காலையில் டிவியைப் போட்டதும், 'விட்ட இடத்திலிருந்து தொடரவா?' என்று திரை கேட்டது. நாற்பத்தோராம் நிமிடம். மூன்று வாரமாக இதையேதான் கேட்கிறது. நானும் அணைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இன்று 'ஆம்' என்று அழுத்திவிட்டு, ரிமோட்டைச் சமையலறையில் அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் கைக்கெட்டும் தூரத்தில் ரிமோட் இருப்பது நல்லதில்லை. ஏனென்று சொல்கிறேன்.

பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் ஈப்போவில் ஒரு வீடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சூடான இயந்திரமும் பூஞ்சை பிடித்த நாடாவும் கலந்த ஒரு வாசனை அங்கே இருக்கும். இன்றைக்கும் மழைநாளில் பழைய அலமாரியைத் திறந்தால் அந்தக் கடைதான் ஞாபகத்துக்கு வருகிறது. என் வேலை வெட்டுவது. கத்தரிக்கோலெல்லாம் இல்லை. ஓர் இயந்திரத்தில் படம் ஓடும், இன்னொன்றில் பதிவாகும். முத்தக் காட்சி வந்தால் பதிவை நிறுத்தி, முடிந்ததும் மறுபடி ஓடவிட வேண்டும். தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், ஒரு டிவி முன்னால் பத்துக் குடும்பம் உட்கார்ந்து பார்த்த காலம். "குடும்பத்தோட பாக்குற மாதிரி இருக்கணும் பாப்பா" என்பார் முதலாளி. எனக்கு அதில் பெருமை வேறு. உதடு நெருங்கும்போதே என் விரல் இறங்கிவிடும். அடுத்த நொடி கதாநாயகி பூப்பறித்துக்கொண்டிருப்பாள்.

ஒருமுறை ஆங்கிலத் துப்பறியும் படம் ஒன்று வந்தது. கொலைகாரனைத் தேடுகிற போலீஸ்காரனுக்கு, தேடப்படுகிறவன் மீதே காதல். இருவரும் ஆண்கள். "அதெல்லாம் எடுத்துரு" என்றார் முதலாளி. எடுத்தேன். படத்தில் கால்மணி நேரம் குறைந்து போயிற்று. கடைசியில் படகுத்துறையில் துப்பாக்கியை நீட்டிய போலீஸ்காரன், காரணமே இல்லாமல் அதைக் கீழே போட்டுவிட்டு அழுதான்.

"ஏன் பாப்பா, அந்தப் போலீஸ்காரனுக்கு மண்டையில ஒண்ணும் இல்லியா? மாட்டுனவன விட்டுட்டு அழுவுறான்" என்று வாடகைக்கு எடுத்துப் போனவர்கள் திட்டிக்கொண்டே கேசட்டைத் திருப்பித் தந்தார்கள்.

குணா அண்ணன் மட்டும் திட்டவில்லை. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அவர். இஸ்திரி கலையாத சட்டை. கேசட்டை ரீவைண்ட் செய்து தருகிற ஒரே ஆள். மேசை மேல் குனிந்து, தணிந்த குரலில் கேட்டார்: "வெட்டாத கேசட் இருக்கா பாப்பா? அவன் ஏன் அழுவுறான்னு பாக்கணும்."

அது என் காலடிப் பெட்டியில்தான் இருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. நாலு பேரைச் சிரிக்கவைத்தால் புத்திசாலி என்று நினைப்பு. உள்ளே பார்த்துக் கத்தினேன்: "மொதலாளி, அண்ணனுக்கு வெட்டுன சீன் வேணுமாம் லா."

குணா அண்ணனின் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் அலமாரிக்குப் பின்னால் படம் தேடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. "என்னா கிராணி, போலீஸ்காரன் மேல ஆசையா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். குணா அண்ணனும் சிரிக்கப் பார்த்தார். உறுப்பினர் அட்டையை மேசை மேல் வைத்து, "வேணா பாப்பா" என்று சொல்லிப் போனார். பிறகு வரவில்லை. தோட்டத்தில் சின்னப் பிள்ளைகள்கூட அவர் பின்னால் "போலீசு, போலீசு" என்று கூப்பிட்டார்களாம். லூமுட்டில் மீன்பிடிப் படகில் சேர்ந்துவிட்டார் என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள்.

என் மகனுக்கு இதில் பாதிதான் தெரியும். விரல் வேகத்தைச் சொல்லியிருக்கிறேன். "எங்கம்மா பழைய சென்சார் ஆபீசர் லா" என்று நண்பர்களிடம் கேலி செய்வான். குணா அண்ணனைப் பற்றிச் சொன்னதே இல்லை.

அவனுக்குக் கோலாலம்பூரில் வேலை. சனிக்கிழமைதோறும் ரயிலேறி வந்துவிடுவான். மூன்று வாரத்துக்கு முன் வந்தபோது, "மா, வாங்க, சேந்து பாப்போம்" என்று ஒரு படம் போட்டான். கொலை, விசாரணை, துரத்தல். நானும் முறுக்கைக் கடித்துக்கொண்டு பயந்து பயந்து பார்த்தேன். ஒளிந்திருந்தவனின் முகத்தை இன்னொருவன் இரு கைகளாலும் ஏந்தினான். ரிமோட் என் கையில் இருந்தது; விரல் தானாகப் படத்தை வேகமாக முன்னால் ஓட்டிவிட்டது.

"ஓட்டாதீங்கம்மா." ரிமோட்டை வாங்கி அதே இடத்துக்குக் கொண்டுவந்தான். "இந்த எடத்த மட்டும் பாருங்க. எனக்காக."

குணா அண்ணன் கேட்ட அதே தணிந்த குரல். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் எழுந்தேன். "அடுப்புல கறி கொதிக்குது" என்றேன். அடுப்பில் எதுவும் இல்லை.

பையோடு வாசலில் நின்று சொன்னான்: "நான் சொல்ல வேண்டியத அந்தப் படம் சொல்லிரும்னு நெனச்சேன்மா."

"சாப்பிட்டுட்டுப் போயேன்டா" என்றேன். இருபத்தாறு வருடம் வளர்த்தவளுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

படம் இப்போது முடிந்துவிட்டது. முழுதாகப் பார்த்தேன். சொல்லப்போனால், வெட்டுகிறவளுக்குத் தெரியாத காட்சி கிடையாது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று அவள்தான் கண்ணெடுக்காமல் பார்த்தாக வேண்டும். அன்றைக்கு அந்தப் போலீஸ்காரன் ஏன் அழுதானென்று எனக்குத் தெரியும். குணா அண்ணனிடம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். தோட்டத்து ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது; லயங்களை இடித்தாயிற்று. லூமுட் படகுத்துறைக்குப் போகும்போதெல்லாம் வயதானவர்களின் முகத்தைப் பார்ப்பேன். குணா அண்ணன் இருந்தாலும் எனக்கு அடையாளம் தெரியுமா என்று தெரியவில்லை. சனிக்கிழமைகளில் கேட்டைத் திறக்கும்போதே "மா, பசிக்குது லா" என்று வருகிற குரலும் மூன்று வாரமாக இல்லை.

படத்தை மறுபடி நாற்பத்தோராம் நிமிடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். "முழுசாப் பாத்துட்டேன்பா. வா, சேந்து இன்னொரு தடவ பாப்போம்" என்று அவனுக்கு அனுப்பினேன். படித்துவிட்டான் என்று இரண்டு நீலக் கோடுகள் காட்டுகின்றன. வேறெதுவும் இன்னும் வரவில்லை.