வடக்கே தலை வைக்காத வேட்டைக்காரன்

என் தங்கையின் கணவர் வாங்கிய வேட்டைப் படகு, ஸ்காபரோவில் அவர்கள் வீட்டுக் கராஜை முழுதாக அடைத்துக்கொண்டது. தங்கையின் கார் வெளியே பனியில் நின்றது. இரண்டு பருவங்கள் மச்சான் வாத்து வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு வந்தார். மூன்றாவது பருவத்தில் தங்கை தீர்ப்புச் சொன்னாள்.

"சனிக்கிழமை ஒரு வாத்தாவது வரவேணும். இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை படகை விக்க விளம்பரம் போடுறன்."

அதுவரை அவரோடு போன வேலைத்தல நண்பர் ஏதோ சாட்டுச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். ஆகவே நான் போனேன்.

ஒஷாவா ஏரிக்கரையிலிருந்து ஒரு பெரிய படகில் புறப்பட்டு, அவருடைய படகைப் பின்னால் கட்டி இழுத்துச் சென்றோம். அது சாம்பல் நிறம். தண்ணீருக்கு மேல் ஒரு சாண்தான் தெரியும். வேட்டைக்காரர் அதற்குள் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். வாத்துகள் காற்றை எதிர்த்தே தண்ணீரில் இறங்கும். எனவே காற்று வரும் பக்கம் தலையும், மறுபக்கம் காலும், காலுக்கு அப்பால் பொம்மை வாத்துகளும் இருந்தால், வருகிற வாத்து நேராகக் கண்முன் வரும். அன்று வடக்கிலிருந்து வாடைக்காற்று.

மச்சான் படகில் இறங்கினார். கால்மாட்டில் தலையை வைத்துப் படுத்தார்.

"மச்சான், மாறிப் படுத்திருக்கிறீர்."

"வடக்கை தலை வைச்சுப் படுக்கமாட்டன்."

வெள்ளிக்கிழமைகளில் ஆட்டிறைச்சி றோல்ஸ் சாப்பிடுகிற மனிதர். கோயிலுக்குப் போனால் கார் நிறுத்துமிடத்திலேயே நின்றுவிடுவார்.

"உதையெல்லாம் நம்புறனீரோ?"

"நம்பிக்கை இல்லை. ஆனா ஏன் வீண் வில்லங்கம்?"

இரண்டு பருவ வெறுங்கைக்குக் காரணம் விளங்கிற்று. நான் பெரிய படகில் விலகிப் போய்த் தொலைநோக்கியில் பார்த்தேன். ஒரு கூட்டம் தெற்கிலிருந்து வந்து, பொம்மைகளுக்கு நடுவே சாவகாசமாக இறங்கியது. மச்சான் சுடத் தயாராகத் துவக்கை அணைத்தபடி, ஒன்றுமில்லாத வடக்கு வானத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொலைபேசியில் அழைத்தேன்.

"தலைமாட்டிலை நிக்குது!"

"எது?"

"உம்மடை படகின்ரை விதி!"

அவர் புரண்டார். படகு ஆடியது. வாத்துகள் எழும்பிப் போயின.

நான் கிட்டப் போனபோது மச்சானின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "விக்கச் சொல்லிப்போடுவாள்" என்றார்.

இரண்டாவது நங்கூரத்தைப் பக்கவாட்டில் போட்டுப் படகைச் சற்றுச் சரித்துக் கட்டினேன்.

"இப்ப வடக்கில்லை, வடகிழக்கு. ஈசான மூலை. வீடுகளிலை சாமியறை வைக்கிற பக்கம்."

"வடிவாப் பாத்தனீரோ?"

"நான் எதையும் வடிவாப் பாக்காமல் சொல்லுறனானோ?"

இந்த ஒரு விஷயத்தில் என் பெயர் உதவியது. எதையும் அளந்தே பேசுகிறவன் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். படகு உண்மையில் ஈசானத்துக்குச் சற்றுக் குறைவாகவே திரும்பியிருந்தது. கடவுள் கோணமானி வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மச்சான் திரும்பிப் படுத்தார். அடுத்த கூட்டம் அவர் காலுக்கு நேரே வந்தது. எழுந்து உட்கார்ந்து சுட்டார். கன்னத்தில் வெள்ளைப் பொட்டு வைத்த வாத்து ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. கரைக்கு வரும்வரை அவர் பாடிக்கொண்டே வந்தார். அதுதான் அன்றைய ஒரே துன்பம் என்று நினைத்தேன்.

தங்கை நல்ல தூள் போட்டுக் குழம்பு வைத்தாள். மூடியைத் திறந்ததும் சமையலறையைவிட்டு வெளியே வந்தாள்.

"உது என்ன, மீனோ?"

ஏரியின் அடியில் சிப்பி பொறுக்கித் தின்கிற வாத்து அது. எங்கள் மிளகாய்த்தூளாலும் அந்த வெடுக்கை அடக்க முடியவில்லை.

"சொன்னது சொன்னதுதான். படகு நிக்கட்டும்" என்றாள் தங்கை. "ஆனா சட்டியிலை ஒரு துண்டும் மிஞ்சக்கூடாது. உயிரைக் கொன்றுபோட்டு எறியேலாது."

மச்சான் கண் கலங்கக் கலங்கச் சோறு போட்டுக்கொண்டு, "நல்லாயிருக்கு" என்றார். பிறகு சட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் நான் விரதம்.