பன்னிரண்டு துளைப் பூட்ஸ்

போன வாரம் பேரனின் கலியாணத்துக்குப் போடுவதற்கென்று கல்முனைக் கடையொன்றில் சப்பாத்துப் பார்க்கப் போனேன். கடைக்காரத் தம்பி ஒரு சோடியை நீட்டி, "அசல் தோல் மாதிரியே இரிக்கும் சேர்" என்றார். வாங்கி மூக்கருகே வைத்து முகர்ந்தேன். மண்ணெண்ணெய்ப் போத்தல் மூடியின் வாசம். தம்பி ஓரடி பின்னால் போய்விட்டார். சப்பாத்தை முகர்ந்து பார்க்கும் கிழவனை அவர் எங்கே கண்டிருக்கப் போகிறார்! நீங்களும் சிரிக்காதீர்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் எது மாட்டுத்தோல், எது கன்றுத்தோல் என்று மணத்தை வைத்தே சொல்லிய ஆள் நான்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. நீர்ப்பாசனக் கந்தோரில் எனக்குக் கிளார்க் வேலை. இடமாற்றத்தில் போன இஞ்சினியர் துரை, போகிற போக்கில் தன் தவிட்டு நிறச் சப்பாத்து ஒரு சோடியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். என் காலுக்கு இரண்டு விரல் பெரிது. இலவம் பஞ்சை அடைத்துப் போட்டு, கந்தோர் வராந்தாவில் நாலு எட்டு நடந்தேன். டக், டக் என்று ஒரு சத்தம் கேட்டது பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது பித்து.

அப்புறம் கறுப்பில் ஒன்று, கொழும்பில் அளவு கொடுத்துத் தைத்தது ஒன்று என்று சேர்ந்துகொண்டே போயின. எல்லாம் என் கட்டிலுக்குக் கீழேதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தால் மெழுகும் பழைய பெனியன் துண்டுமாக உட்கார்ந்துவிடுவேன். உம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்ப்பா. "ஏன் மனே, கட்டிலுக்குக் கீழ மாடா கட்டி வெச்சிரிக்காய்?"

இதிலே வேடிக்கை என்னவென்றால், எங்கள் சாய்ந்தமருதில் அப்போது எங்கே கால் வைத்தாலும் கடற்கரை மணல். தையலுக்குள் மணல் போய்விடும் என்ற பயத்தில் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்து, தார் ரோட்டில் ஏறியதும்தான் மாட்டுவேன். அப்படி ஒரு நாள் சம்மாந்துறையில் உறவுக்காரர் வளவைத் தாண்டி, சேற்றுக்குப் பயந்து கையில் சப்பாத்தோடு போனபோது, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் சிரித்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். அவள்தான் ஸபியா. அந்தச் சிரிப்பைக் கேட்ட நாள் முதல் அவளைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று இருந்தேன்.

வாப்பா பெண் கேட்டுப் போனார். ஸபியாவின் வாப்பா நாற்பது ஏக்கர் வயல்காரர், வாழ்நாளில் காலில் ஒன்றும் போட்டறியாதவர். "சேத்தப் பாத்துப் பாத்துக் கால் வெக்கிற பொடியன் எங்கட வயல என்னண்டு பாப்பான்?" என்று முதலில் மறுத்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். ஆகவே அவருக்குக் கவலை இருக்கத்தானே செய்யும்? மூன்று தடவை நடந்த பிறகு ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். கலியாணத்தன்று மாப்பிள்ளை இந்தச் சப்பாத்துக் கூத்தெல்லாம் இல்லாமல் சாதாரணச் செருப்போடு வரவேண்டும். நானும் தலையாட்டினேன்.

ஆட்டிய தலை அடுத்த மாதமே மறந்துபோனது. வெள்ளைக்காரப் பட்டாளம் திருகோணமலையில் விட்டுப்போன உயரப் பூட்ஸ் ஒரு சோடி என் கைக்கு வந்து சேர்ந்தது. பக்கத்துக்குப் பன்னிரண்டு துளை. நாடா கோத்துக் கட்டி முடிக்கக் கால் மணி நேரமாகும். அந்த அழகை விட்டுவிட்டுச் செருப்போடு மாப்பிள்ளையாவதா? நீளக் காற்சட்டை மறைத்துவிடும் என்று கலியாணத்தன்று அதையே மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மாரி மழை. வழியில் வாய்க்கால் உடைப்பெடுத்து ரோட்டில் முழங்கால் தண்ணீர், கார் நின்றுவிட்டது. கூட வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்தார்கள். வருடக்கணக்காகச் சப்பாத்தைக் கையில் சுமந்த நான், அன்றைக்குப் பார்த்து, "இதுக்குத்தானே பூட்ஸ்!" என்று தண்ணீருக்குள் இறங்கி நடந்தேன். பைத்தியக்காரன்!

பெண் வீட்டு வாசலில் ஸபியாவின் தம்பி செம்பும் தண்ணீருமாக நின்றார். மணப்பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைப்பதும், மாப்பிள்ளை அவருக்கு மோதிரம் போடுவதும் வழக்கம். மச்சான் குனிந்து காற்சட்டையை உயர்த்தினார். அப்படியே நின்றுவிட்டார். நாடா நனைந்து ஊறி, முடிச்சு நெல்லிக்காய் போல் இறுகிக் கிடந்தது. நகத்தால் கிண்டினார், பல்லால் கடித்தார். "மச்சான், இதுக்கு ரெண்டு மோதிரம் போடணும்" என்று முனகினார். உள்ளே லெப்பை, கலியாணம் பதிகிற காவின் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கால் கழுவாமல் நான் எப்படி உள்ளே போவது?

ஸபியாவின் வாப்பா, என் மாமா, வந்தார். பூட்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போய் நெல்லறுக்கும் தாக்கத்தியோடு திரும்பி வந்தார். "வாக்கும் போச்சி, நேரமும் போச்சி. அறுத்துத் தள்ளட்டா, இல்ல இப்படியே ஊருக்குத் திரும்புறீங்களா?"

சத்தியமாகச் சொல்கிறேன், உடனே "அறுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். தாக்கத்தி போகிற வேகத்தில் தோலும் கிழியுமே என்று ஒரு கணம் யோசித்துவிட்டேன். அந்த ஒரு கணத்தை முழுவீடும் பார்த்தது. வாப்பா தலையில் கைவைத்தார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஸபியாவுக்கு அக்கா முறையான ஒரு ராத்தா சிரிப்பை அடக்க முடியாமல் ஓடி வந்தா. கையில் ஒரு கொண்டை ஊசி. "பொண்ணு குடுத்தனுப்பினா. இதால கிண்டிப் பாக்கட்டாம். பூட்ஸ அறுக்க வேணாமாம்." உள்ளே அதே வேலிச் சிரிப்பு. மாமாவின் மீசையும் துடிக்கத் தொடங்கியது. முடிச்சு அவிழ்ந்தது, கால் கழுவப்பட்டது, காவினும் எழுதியாயிற்று. நான் முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்த ஸபியாவுக்கு ஒரு பக்கக் கொண்டை சரிந்து தோளில் கிடந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏழு சோடிக்கும் அவளுடைய அலுமாரியில் கீழ்த்தட்டு கிடைத்தது. ஆனால் கோபம் வந்தால் ஒரே அம்புதான்: "தாக்கத்தியக் கண்டும் யோசிச்ச மனிசன்தானே நீங்க!" நான் இல்லவே இல்லையென்று சாதிப்பேன்.

அந்தக் கன்றுத்தோல் எல்லாம் மாரிக்கு மாரி பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. மணல் வீதியெல்லாம் கொங்கிறீட்டாகிவிட்டது. ஸபியா போய் இந்த நோன்போடு இரண்டு வருடம். ஓம் புள்ள ஸபியா, யோசித்தேன்தான். இன்றைக்கு யாராவது தாக்கத்தியோடு வந்து கேட்டால், அவர் வாயை மூடுமுன் "அறுங்க" என்பேன். கேட்கத்தான் ஒருவரும் இல்லை.