லீவுக்கு வந்த வலி

ஆம்புலன்ஸ் டிரைவரிடம் யாரும் "நல்லா ஓட்டினீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவதில்லை. ஓசூருக்கு 108 வராத காலத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோமின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே கைமீறிப் போன கேஸை எல்லாம் பெங்களூருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. வண்டி ஓடாத நேரத்தில் டோக்கன் கொடுப்பேன், ஸ்ட்ரெச்சர் தள்ளுவேன். டாக்டர் அறை வாசலில் காத்துக் காத்து, உள்ளே போனதும் சொல்ல வந்ததில் பாதியை மறந்துவிட்டு வெளியே வந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே? அப்படியானால் நாம் ஒரே கட்சி.

எது தாங்கும்?

தீபாவளி நெருங்கினால் எங்கள் நர்சிங் ஹோமுக்குக் கட்டுமஸ்தான நோயாளிகளாக வருவார்கள். மதுரை, திருநெல்வேலி என்று தெற்கிலிருந்து வந்து கம்பெனிகளில் வேலை பார்க்கிற பையன்கள். கம்பெனி கொடுக்கிற லீவு பஸ் பயணத்துக்கே சரியாகிவிடும். அதற்குமேல் ஊரில் இருக்க வேண்டுமென்றால் மெடிக்கல் சர்டிபிகேட் வேண்டும். எங்கள் டாக்டர் சிடுசிடுப்பாரே தவிர இளகின மனசுக்காரர். திட்டிக்கொண்டே எழுதிக் கொடுப்பார்.

ஒரு பையன் என்னிடம் டோக்கன் வாங்கும்போது முதுகுவலி என்றான். உள்ளே போனதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "முதுகா, வயிறா? முடிவு பண்ணிட்டு வாப்பா" என்றார் டாக்டர். பையன் கொஞ்சமும் அசரவில்லை. "எது சார் பத்து நாள் தாங்கும்?" என்றான்.

சூளகிரிப் பெண்

இப்படி வருஷம் முழுக்கப் பொய் வலிகளைப் பார்த்துப் பார்த்து, டாக்டருக்கு வலி என்ற சொல்லே காதில் ஏறாமல் போய்விட்டது. சூளகிரியிலிருந்து ஒரு விவசாயக் கூலி, தன் மனைவியை மொபெட்டில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். வயிற்றுவலி. "கேஸ் டிரபிள்தான்மா" என்று ஊசி போட்டு அனுப்பினார் டாக்டர். மறுநாளும் வந்தார்கள். மறுபடியும் அதே கேஸ் டிரபிள், அதே ஊசி.

அதற்கடுத்த தடவை அந்தப் பெண்ணால் நிமிர்ந்து உட்காரவே முடியவில்லை. குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பரவியிருந்தது. நான்தான் பெங்களூருக்கு ஓட்டிப் போனேன். பிழைத்துக்கொண்டாள், ஆனால் பாடாய்ப் பட்டுத்தான். அங்கே ஸ்ட்ரெச்சரை வாங்கிக்கொண்ட ஆள் என் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். நாங்கள் எப்போது வந்தாலும் தாமதம்தான் என்பதை அவர் கன்னடத்தில் சொன்னார்: "ஹொசூரா? யாவாகலூ லேட்டே!"

எலும்புக்கு ஒன்றுமில்லை

கணேசன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் ஆளாக பிரஸ் மெஷின் ஓட்டினார். ஷிப்ட் முழுக்க நின்றபடி பார்க்கிற வேலை. கால் இருந்தால்தான் சோறு. டிராலியிலிருந்து சரிந்த இரும்பு அச்சு ஒன்று அவர் கெண்டைக்காலை நசுக்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறியவில்லை. டாக்டர் காலை இறுக்கிக் கட்டி, ஒருநாள் வார்டில் படுக்கட்டும் என்றார்.

சாயங்காலத்திலிருந்து கணேசன் துடித்தார். விரலை லேசாக அசைத்தாலே அலறினார். அவர் மனைவி இசக்கியம்மாள் டாக்டர் அறைக்கும் வார்டுக்குமாக நடையாய் நடந்தாள். ஒரு தடவை வந்து பாருங்கள் என்று கெஞ்சினாள். தீபாவளிக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது, வாசலில் வயிற்றுவலிக் கூட்டம் வேறு. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்லம்மா. லீவு வேணும்னா நேராக் கேக்கச் சொல்லு, எழுதித் தர்றேன்."

வலி நின்றது

மறுநாள் மதியம் கட்டை அவிழ்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். கால் வீங்கி மரக்கட்டைபோல் இறுகிக் கிடந்தது. விரல்கள் கறுத்திருந்தன. நசுங்கிய தசை உள்ளுக்குள் வீங்கி, ரத்த ஓட்டத்தையே நெரித்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டாக்டருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

உடனே பெங்களூருக்குக் கிளம்பினோம். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரி வரிசை. எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் மேம்பாலத்துக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சைரன் போட்டும் யாராலும் ஒதுங்க முடியவில்லை. பின்னால் கணேசனின் முனகல் நின்றுவிட்டது. எனக்கு பயமாக இருந்தது. இசக்கியம்மாள் முன்னால் எட்டி என்னிடம் பேசினாள், நேற்றிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு தெளிவு. "அவியளுக்கு இப்ப வலியே இல்லையாம்ணே. சரியாயிட்டு வருதுல்லா?"

நான் ஹாரனை விடாமல் அடித்தேன்.

டாக்டர் வந்தார்

பெங்களூரில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "அவங்க வீடு உனக்குத் தெரியுமில்ல? கூட்டிட்டுப் போ" என்றார். நர்சிங் ஹோம் முதலாளி போக வேண்டாம் என்று தடுத்தும் கிளம்பினார். அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

மத்திகிரியில் வரிசை வீடுகளில் கடைசி வீடு. கணேசன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் இசக்கியம்மாள். டாக்டரைக் கண்டதும் பழக்கதோஷத்தில் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியலன்னதும் நடிக்கிறார்னு நினைச்சுட்டேன்மா. தப்பு என்னுதுதான்" என்றார்.

இசக்கியம்மாள் அழவில்லை, திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "நீங்க எங்களை நம்ப வேண்டாம் சார். ஒரு எட்டு வந்து காலைப் பாத்திருந்தாப் போதும்லா?"

ஸ்கேனுக்கு ஓர் அறை, ரத்தம் எடுக்க ஓர் அறை என்று எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்குகிற நம் ஆஸ்பத்திரிகள், நாற்காலியை விட்டு எழுந்து வருவதற்கு மெஷின் எதுவும் தேவைப்படாததால்தானோ என்னவோ, அதை மட்டும் வைத்தியத்தில் சேர்க்க மறந்துவிடுகின்றன.