தொண்டை அசையவில்லை

உர்சுலாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நானே எழுதித் தொலைக்கிறேன்.

போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கின் வாசலில் உட்கார்ந்து, உள்ளே வரும் லோரிகளுக்கு மஞ்சள் சீட்டு கிழித்துக் கொடுப்பது அவர் வேலை. வயது ஐம்பத்து நான்கு. வீடு பண்டமாரானில். கணவர் டொமினிக் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஞாயிறு காலையில் பூசை, மாலையில் இந்திப் படம், அதுதான் உர்சுலாவின் வாரம்.

அவருக்கு இந்தியில் ஒரு சொல் தெரியாது. எனக்கும் தெரியாது. வேலையிடத்தில் மலாய்க்காரர்கள், "நீ இந்தியன்தானே, இந்த இந்திப் பாட்டுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்கிற கூட்டம் நாங்கள். சொந்தக்காரர்களோ, "ஏன், தமிழ்ப் படம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று பிடித்துக்கொள்வார்கள். இப்படி இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கியவர்களைச் சேர்த்து, பதினோரு வருடத்துக்கு முன் முகநூலில் ஒரு இந்திப் பட ரசிகர் குழு தொடங்கினேன். இன்று தொள்ளாயிரம் பேர். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பரான இந்தக் கமலநாதன், அந்தக் குழுவில் மட்டும் ராஜா.

படம் வந்த அன்றே நான் நீளமாக எழுதுவேன். மறுநாள் உர்சுலா நடிப்பைப் பற்றி நாலே வரி எழுதுவார். எல்லாரும் அந்த நாலு வரிக்குத்தான் காத்திருப்பார்கள். எனக்கு எரியும். சும்மா சொல்லக் கூடாது, அவர் சொன்னதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும். நாங்கள் போடாத சண்டை இல்லை. ஒரு கதாநாயகிக்காகத் தீபாவளி வரைக்கும் மூன்று வாரம் அடித்துக்கொண்டோம். சண்டை முடிந்ததும் "ஹேப்பி தீபாவளிண்ணே" என்று முதலில் வந்து நிற்பது அவர் செய்திதான்.

ஒருநாள் படம் முடிந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் தேநீர் குடித்தோம். டொமினிக்கும் கூட இருந்தார்.

"எப்படிம்மா இதெல்லாம் உங்க கண்ணுல மட்டும் படுது?" என்று கேட்டேன்.

உர்சுலா வெட்கப்பட்டார். "யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணே, சிரிப்பாங்க. நான் சப்டைட்டில் படிக்க மாட்டேன்."

"அலாமாக்! அப்புறம் கதை எப்படிப் புரியும்?"

"சின்னப் பிள்ளையா இங்கதான் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். பக்கத்து வீட்டு டிவியில இந்திப் படம் போடுவாங்க. நான் ஆகக் கடைசியில உட்காருவேன். முன்னால எல்லாம் தலை, தலை. கீழே எழுத்து ஓடுதுன்னே எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்துத்தான் கதை தெரிஞ்சுக்குவேன். அதே பழக்கமாயிடுச்சு."

"வீட்டு டிவியில கீழே டேப் ஒட்டி வச்சிருக்கா அண்ணே," என்றார் டொமினிக். "தியேட்டர்ல மஞ்சள் சீட்டை மடிச்சு, எழுத்து மறையுற மாதிரி கண்ணுக்கு முன்னால பிடிச்சுக்குவா. எனக்கு மானம் போகுது லா."

"வசனம் புரியாமலே நம்மள அழ வைக்கணும்ணே. அதான் நடிப்பு," என்றார் உர்சுலா. அன்று அவர் மேல் எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

போன வருடம் குரு என்று ஒருவன் என்னைத் தேடி வந்தான். படங்களுக்கு இங்கே விளம்பரம் செய்கிறவன். பிரிந்துபோன அப்பா மகள் கல்யாணத்துக்குத் திரும்பி வருகிற கதை, பெரிய ஹீரோ. அந்தப் படத்தை வெளிவருவதற்கு முன்பே எனக்குப் போட்டுக் காட்டினான். படம் முடிந்ததும், "சனிக்கிழமை ஹீரோ கோலாலம்பூர் வராரு பாஸ். நீங்க மேடைக்குப் பின்னால வந்து அவரோட போட்டோ எடுத்துக்கலாம். முதல் மூணு நாளைக்கு மட்டும் உங்க குழுவுல நல்லபடியா பேசிக்கட்டும்," என்றான்.

படம் தேறாது. எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் அந்த ஹீரோவின் படத்தை என் இருபது வயதில் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தவன் நான். 'கைக்குட்டை இல்லாமல் போகாதீர்கள்' என்று எழுதினேன். எழுதும்போது கூச்சமாகக்கூட இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை உர்சுலாவின் நாலு வரி வந்தது. 'கமலநாதன் அண்ணன் மன்னிக்கணும். கல்யாண மண்டபத்துல அவர் அழுறாரு. கண்ணுல தண்ணி இருக்கு. ஆனா தொண்டை அசையல. அழுறவங்களுக்குத் தொண்டை அசையும்.'

அவ்வளவுதான். நூறு பேர் அதன் கீழே வந்து, ஆமாம், எனக்கும் என்னமோ மாதிரி இருந்தது, இப்போதுதான் புரிகிறது என்று எழுத ஆரம்பித்தார்கள். அந்தக் காட்சியில் எனக்கும் ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. இந்தம்மா கழுத்தைப் பார்த்திருக்கிறார்.

குரு போன் அடித்தான். "யாரு பாஸ் அந்த லேடி? சனிக்கிழமை வேணுமா வேணாமா உங்களுக்கு?"

நான் எழுதினேன். 'நண்பர்களே, ஒரு உண்மையைச் சொல்கிறேன். நம் உர்சுலா சப்டைட்டில் படிப்பதே இல்லை. டிவியில் டேப் ஒட்டி மறைத்துவிட்டுப் படம் பார்க்கிறவர். கதையே தெரியாதவருக்கு அழுகை எப்படித் தெரியும்?'

சிரித்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்ட பொம்மைப் படமாகப் போட்டுத் தள்ளினார்கள். இத்தனை வருடம் அவர் சொன்னதெல்லாம் குருட்டடியா என்று ஒருவன் கேட்டான். நூறு பேரில் ஒருவர்கூட அவருக்காக வாய் திறக்கவில்லை. மாலையில் உர்சுலா ஒரே வரி எழுதினார்: 'சரிண்ணே.' அதோடு அவர் குழுவில் எழுதவே இல்லை. மறுநாள் நான் ஹீரோவுடன் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஆறு படம் வந்தது. நான் எழுதியதை எல்லாரும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்கள். எதிர்த்துப் பேச ஆளில்லாத ராஜாவாக இருந்து பார்த்தேன். சீ, என்ன பிழைப்பு! ஐந்தாவது மாதம் தாங்க முடியாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடச்சுடக் கறிபாப் பலகாரம் வாங்கிக்கொண்டு பண்டமாரானுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

டொமினிக் கதவைத் திறந்தார். உள்ளே இந்திப் படம் ஓடிக்கொண்டிருந்தது. உர்சுலா மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையின் அடியில் டேப் இல்லை. ஒட்டியிருந்த பசைக் கறை மட்டும் இருந்தது. அவர் உதடு அசைய அசைய எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இப்பதான் மனுஷி மாதிரி படம் பார்க்குறா," என்றார் டொமினிக்.

"வாங்கண்ணே," என்று உர்சுலா எழுந்தார். முகத்தில் கோபத்தைத் தேடினேன். இல்லை. திட்டுவார் என்றுதான் வழியெல்லாம் என்னைத் தயார்படுத்திக்கொண்டு வந்திருந்தேன். "நானே உங்களுக்கு போன் பண்ணணும்னு இருந்தேன். அந்தப் படத்தை மறுபடி போய்ப் பார்த்தேண்ணே. எல்லாத்தையும் படிச்சேன். அழுகை வந்துச்சு. நீங்க சொன்னதுதான் சரி. எனக்குத்தான் புரியல."

'இல்லம்மா, தொண்டை அசையலதான்' என்ற சொல் என் நாக்கு நுனியில் நின்றது.

"ஹீரோவோட போட்டோ எடுத்தீங்களாமே, காட்டுங்கண்ணே," என்று கையை நீட்டினார்.

கைப்பேசியைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு விரலால் ஹீரோவின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பழைய உர்சுலா பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"சிரிக்கிறாரு," என்றார் மெதுவாக. "ஆனா அவரு கண்ணு உங்கள..."

நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"எனக்கென்ன தெரியும்? பக்கத்துல நின்னவரு நீங்க. எப்படிண்ணே பேசினாரு?"

"நல்ல மனுஷன்மா. ரொம்ப அன்பாப் பேசினாரு," என்றேன்.

அந்த ஆள் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.